ஒற்றை அம்பு, இரட்டை அம்பு

சிரம்பானை விட்டுக் கிளம்பி உலு பெண்டுல் வருவதற்குள் பெரியப்பா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மூன்று முறையும் ஒரே கேள்விதான். "பென்டிரைவ் எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கோப்பு. அதைத் திறக்க முடியாமல் பத்து வருஷமாக நான் வைத்திருக்கிறேன் என்பதுதான் பெரியப்பாவுக்கு என்மேல் உள்ள ஒரே குறை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பொங்கலுக்குப் பொங்கல், "அது என்ன ஆச்சுப்பா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சிரம்பானிலிருந்து கோலா பிலா ஏறக்குறைய 40 கிலோமீட்டர். புக்கிட் பூத்துஸ் மலைப்பாதையில் இப்போது மேம்பாலம் வந்துவிட்டது. சின்ன வயதில் அந்தப் பழைய வளைவுகளில் பஸ்ஸில் போய் வாந்தி எடுக்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது. இறங்கினால் ஊர். மினாங்கபாவ் வீடுகளின் கொம்பு மாதிரி இரு முனையும் தூக்கிய கூரைகள், பழைய கடைவீடுகள், நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மார்ட்டின் லிஸ்டரின் நினைவாகச் சீனர்கள் எழுப்பிய வளைவு. அதையெல்லாம் பார்க்க நான் வரவில்லை. பெரியப்பாவின் பேத்தி, என் அண்ணன் மகள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். சிரம்பானில் கணினி டிப்ளோமா படிக்கிறாள். "சித்தப்பா, அந்தக் கோப்பைக் கொண்டாங்க. ஆனா நான் திறந்து தர மாட்டேன். நீங்களே திறக்கணும்" என்று சொல்லியிருந்தாள். அந்த 'நீங்களே'யில் ஏதோ வம்பு இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

கோப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜுவாசே பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கிராணி. அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு சந்தாப் புத்தகம் இருந்தது. 1958-லிருந்து பத்து வருஷத்துக் கணக்கு. பெரியப்பாவுக்கு முன்பிருந்த கிராணியின் கையெழுத்து. எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள், எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு பாக்கி. தோட்டத்து ஜனங்கள் இன்னார் இன்னார் என்று தமிழில் எழுதிவைத்த வேறு ஏடு எதுவும் இல்லை. துரைமார் ஆபீஸ் செக்ரோலெல்லாம் ஆங்கிலம். 2001-ல் லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது, கறையான் பாதி தின்றிருந்த அந்தப் புத்தகத்தைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கணினியில் தட்டெழுதிக் கொடுத்தார். "உள்ளது உள்ளபடி இருக்கணும், எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாதீங்க" என்பது பெரியப்பாவின் உத்தரவு. கிராணி புத்தி. மிச்சப் பாதியையும் கறையான் முடித்துவிட்டது. தட்டெழுதியது பிளாப்பியில் ஏறி, சிடிக்கு மாறி, பென்டிரைவுக்கு வந்தது. இப்போது திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள்தான். தலையில் புள்ளி வைத்த ஓ, வால் முளைத்த சி, கால் பாகம், முக்கால் பாகம் என்று பின்னக் குறிகள். ஒரு வரி புரியாது.

பேத்தியின் மடிக்கணினி பழசு. விண்டோஸ் அதில் மூச்சு வாங்குகிறது என்று உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, ஏதோ மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புச் சன்னல் ஒன்று வந்தது. இடது மூலையில் அவள் பெயர், ஒரு டாலர் குறி, பக்கத்தில் மினுக்கும் கட்டை.

"என்னா இது, தீபாவளிக்கு மறுநாள் வாசல் மாதிரி இருட்டா கெடக்கு?" என்றார் பெரியப்பா.

"டெர்மினல் தாத்தா. சித்தப்பா, மௌஸை அந்தாண்டை வைங்க."

சினிமாவில் இந்தக் கறுப்புத் திரையைக் காட்டினால் கண்ணாடி போட்ட ஒருவன் முப்பது வினாடியில் வங்கியைக் கொள்ளையடித்துவிடுவான். எனக்கு முதல் முப்பது வினாடியில் வந்தது, நான் தட்டிய சொல் என்னவென்று தனக்குத் தெரியாது என்ற பதில். 'லிஸ்ட்' என்று முழுசாகத் தட்டியிருந்தேன். அதற்கு இங்கே எல், எஸ், இரண்டே எழுத்து. நகல் எடுக்க சிபி. இடம் மாற்ற எம்வி. அழிக்க ஆர்எம். அழித்தால் குப்பைத் தொட்டியெல்லாம் கிடையாது, போனது போனதுதான்.

ஏன் இப்படி வாயில் உயிரெழுத்தே இல்லாமல் பேசுகிறது? 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் திரை இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். நாம் தட்டுவதையும் கணினி சொல்லும் பதிலையும் காகிதத்தில் அடித்துத் தரும். அதிலும் வினாடிக்குப் பத்து எழுத்துதான். விசையும் கனம். விரல் வலிக்கிறவன் சொல்லைச் சுருக்கத்தானே பார்ப்பான். அந்த இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சுருக்கிய சொல் மட்டும் ஐம்பது வருஷம் தாண்டி கோலா பிலாவில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

பெரியப்பா தட்டச்சுக்காரர். ஆபீஸில் ஒலிவெட்டியில் ஆங்கிலக் கடிதம் அடித்தவர். டெலிடைப் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் பாடம், எங்கே நிற்கிறோம் என்று கேட்பது. பி, டபிள்யூ, டி. கணினி ஒரு சாய்கோடு போட்டு வீடு என்றது, இன்னொரு சாய்கோடு போட்டு அவள் பெயரைச் சொன்னது. "சாய்கோட்டைத் தாண்டினா உள்ளே போறோம்னு அர்த்தம் சித்தப்பா. அடைவுக்குள்ள அடைவு." எனக்கு விளங்குவதற்குள் பெரியப்பாவுக்கு விளங்கிவிட்டது. "தோட்டம், டிவிஷன், காடு, நிரை. அப்படித்தானே? அஞ்சாம் நம்பர் காட்டுல பன்னெண்டாவது நிரைன்னா நேரா அந்த மரத்துக்கிட்ட போய் நிக்கலாம்." பேத்தி தலையாட்டினாள். சிடி என்று தட்டி அடைவின் பெயரைச் சொன்னால் அங்கே போய் நிற்கும். சிடியோடு இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே ஏறும்.

பெயரில் இடைவெளி வந்தால் மட்டும் தகராறு. 'பெரியப்பா படங்கள்' என்று ஓர் அடைவுக்குப் பெயர் வைத்திருந்தேன். உள்ளே போகச் சொன்னால் ஒன்றுக்கு மேல் பெயர் கொடுத்துவிட்டாயே என்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் சொல் முடிந்தது என்று அதன் கணக்கு. மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஒரே பெயராக எடுத்துக்கொள்கிறது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று நம் ஆட்கள் போடும் சண்டையில் யார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும், டெர்மினல் சேர்த்து எழுதுகிறவர் கட்சி.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு கட்டைக் காட்டினாள். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்'. தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழ்க் குழுவின் வெளியீடு, இணையத்தில் இலவசம். மேன் என்று தட்டினால் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் திரையிலேயே வரும், ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி. இவள் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியை மலாயில் முடித்தவள். "மேன் பக்கத்தை மொதல்ல படிச்சப்ப அழுகையே வந்துச்சு. இந்த புக்ல நம்ம பாஷைல இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள்கூட டபிள்யூஎஸ்எல் என்ற ஏற்பாட்டில் லினக்ஸை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், ஆப்பிள் கணினியில் டெர்மினல் பிறவியிலேயே இருக்கிறது என்றும் சொன்னாள். நான் குறித்துக்கொண்டேன்.

பெரியப்பாவுக்கு ஒரு சோதனை வைக்க ஆசை. "மெர்டேக்கா அன்னிக்கு என்ன கிழமை, கேளு." கால் என்று தட்டி, 8, 1957 என்று கொடுத்தாள். மாதம் முழுசாக வந்து நின்றது. 31-ஆம் தேதி சனிக்கிழமை. பெரியப்பா ஏற்கெனவே விரலைச் சனிக்கு நேராக நீட்டி வைத்திருந்தார். அவருக்கு அப்போது வயது பதினைந்து. பேத்தி விடவில்லை. "இதைப் பாருங்க தாத்தா" என்று 9, 1752 கொடுத்தாள். 2-ஆம் தேதிக்கு அடுத்தது 14. நடுவில் பதினோரு நாளைக் காணோம். பிரிட்டன் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறிய மாதம் அது. "பதினோரு நாள் சம்பளம் யாரு குடுத்தா?" என்று கேட்டார் பெரியப்பா. கிராணி கேட்க வேண்டிய கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

பெரியம்மா தே தாரிக் கொண்டுவந்து வைத்தார். இனி கோப்பு.

தட்டெழுதிய ஆசிரியர் பயன்படுத்தியது முரசு அஞ்சல். நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழி வந்தது. யூனிகோடு எல்லாக் கணினிக்கும் வந்து சேராத காலத்தில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி ஓர் ஒழுங்கை வகுத்தார்கள். அதன் பெயர் திஸ்கி. கணினிக்குள் எழுத்துகளுக்கு ஒதுக்கியது 256 அறை. முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும். மேற்பாதியில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் தங்கள் எழுத்தை வைத்திருந்த அறைகளில் நாம் நம் எழுத்தைக் குடிவைத்தோம். எழுத்துரு கூட இருந்தவரைக்கும் தமிழாகத் தெரிந்தது. எழுத்துரு போனதும் பழைய குடியிருப்பாளர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளி வைத்த ஓவும் வால் முளைத்த சியும் அவர்கள்தான்.

இதை மாற்ற ஐகான்வ் என்று ஒரு கட்டளை. இந்த முறையிலிருந்து அந்த முறைக்கு என்று இரண்டு பெயரைச் சொன்னால் போதும். லினக்ஸின் அடித்தள நூலகத்தில், உலகத்து எழுத்து முறைகளோடு திஸ்கியையும் எப்போதோ யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். பத்து வருஷமாக நான் கோலாலம்பூரில் எத்தனை கடை ஏறி இறங்கினேன்! 'எழுத்துரு வேணும் சார்', 'பழைய விண்டோஸ் வேணும் சார்' என்றார்கள். விடை இலவசமாக, இந்தப் பழைய மடிக்கணினிக்குள் உட்கார்ந்திருந்தது. எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

தட்டினேன். ஐகான்வ், சிறுகோடு எஃப், திஸ்கி, சிறுகோடு டி, யூடிஎஃப்-8, பிறகு கோப்பின் பெயர், சந்தா. இப்படியே விட்டால் விடை திரையில் ஓடிவிடும். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி ஒன்றைப் போட்டு ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயருள்ள கோப்புக்குள் போய் இறங்கும். என்ன பெயர் கொடுப்பது? ஒரே கோப்பு, ஒரே பெயர், சுத்தமாக இருக்கட்டுமே என்று அம்புக்குப் பின்னாலும் 'சந்தா' என்றே தட்டினேன். பேத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்டர்.

ஒன்றும் வரவில்லை. டாலர் குறி மறுபடி வந்து மினுக்கியது. யூனிக்ஸின் குணம் அது. வேலை முடிந்தால் வாயைத் திறக்காது, கெட்டால்தான் பேசும். முடிந்தது என்று நினைத்து எல்எஸ் போட்டு அளவைப் பார்த்தேன். 0.

பூஜ்யம். ஒரு பைட்டு இல்லை. ஆறு தசாப்தத்துக்கு முந்தைய புத்தகம், கறையான் விட்டு வைத்தது, பிளாப்பி, சிடி, எல்லாவற்றையும் தாண்டி வந்தது, என் ஆள்காட்டி விரலில் முடிந்தது. பெரியப்பாவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பென்டிரைவையே நேராகத் திறந்து அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்பு என்ன பண்ணுது தெரியுமா சித்தப்பா?" பேத்தி நிதானமாகத்தான் கேட்டாள். "ஐகான்வ் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, அம்பு காட்டுற கோப்பைத் தயார் பண்ணிரும். தயார் பண்றதுன்னா காலி பண்றது. அப்புறம்தான் ஐகான்வ் படிக்க வருது. அங்க என்ன இருக்கு படிக்க?" பாத்திரத்தில் இருப்பதை வடிகட்டி அதே பாத்திரத்தில் ஊற்ற, முதலில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவன் கதை.

பிறகு வேறோர் அடைவுக்குப் போய்க் காட்டினாள். 'மூலம்' என்று பெயர். நான் குளிக்கப் போயிருந்தபோது பென்டிரைவிலிருந்து நகலெடுத்து, யாரும் மேலே எழுத முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறாள். "மொத தடவை எல்லாரும் இதைத்தான் பண்ணுவாங்க. நானும் பண்ணேன். அசைன்மென்ட் போச்சு." முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா மறந்துருவீங்க."

பெரியப்பா இதுவரை பேசவில்லை. இப்போது பேசினார். "கணக்குப் புத்தகத்துல ரப்பர் வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே துரை சொல்லுவாரு. தப்பா எழுதினா மேல ஒரு கோடு, பக்கத்துல சரியானது, கையெழுத்து. அடிச்சது அடியில தெரியணும். உங்க கம்ப்யூட்டர்ல ஒத்தை அம்புலேயே புத்தகம் போயிருமா? என்ன ஆபீஸ்டா நடத்துறீங்க." பேத்தி கிட் என்ற ஒன்று அதற்காகவே இருக்கிறது என்று தொடங்கினாள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது, ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது என்று குறித்து வைப்பது. பெரியப்பா பாதியில் கை காட்டி நிறுத்திவிட்டார். "அதை நாளைக்குச் சொல்லு. மொதல்ல புத்தகம்."

இரண்டாம் தடவை அம்புக்குப் பின்னால் வேறு பெயர். என்டர். அளவைப் பார்த்தால் மூலத்தைப்போல் மூன்று மடங்கு. யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டு. 'தமிழ்' என்று தட்டி எண்ணச் சொன்னால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு மி என்பதில் ம ஒன்று, விசிறி ஒன்று, ழ் என்பதில் புள்ளி தனி. ஆக ஐந்து குறி, 15 பைட்டு.

கேட் என்று தட்டினாள். திரையில் தமிழ் ஓடியது.

சரியான தமிழ் என்று சொல்ல முடியாது. டெர்மினல் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கோடு கிழித்த கணக்கு நோட்டு. ஆங்கிலம் அடங்கும். நம் கொம்பும் காலும் அடங்காது. சில இடத்தில் கொம்பு தனியாக நின்றது, சில இடத்தில் புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்குப் போயிருந்தது. ஆனாலும் முதல் வரியைப் பெரியப்பா படித்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி, "மூணாவது லயத்துல கடைசி வீடு. சேவக்கட்டுக்காரன்" என்றார். அடுத்த வரி. அதற்கும் ஒரு கதை. மூன்றாவதுக்கும். பேத்தி சாதாரண எடிட்டரில் திறந்து எழுத்தைச் சரியாகக் காட்டிய பிறகும் அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரைமணி நேரம் கணினிப் பாடம் நின்றுபோனது.

ஃபைல் என்று ஒரு கட்டளை, கோப்பு எப்படிப்பட்டது என்று சொல்லும். சொன்னதில் கடைசியாக சிஆர், எல்எஃப் என்று ஏதோ இருந்தது. பேத்தி விளக்க வாயெடுப்பதற்குள் பெரியப்பா கையை மேசையில் வைத்து இடமிருந்து வலம் தள்ளிக் காட்டினார். "கேரேஜ் ரிட்டர்ன்." பிறகு உருளையைத் திருகுவதுபோல் விரலைச் சுழற்றினார். "லைன் ஃபீட்." தட்டச்சில் வரி முடிந்தால் வண்டியை இழுத்து விடுவது ஒரு வேலை, காகிதத்தை ஏற்றுவது இன்னொரு வேலை. விண்டோஸ் அந்த இரண்டையும் வரிக்கு வரி இன்னும் எழுதி வைக்கிறது. யூனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே விண்டோஸில் தட்டிய பழைய கோப்பில் வரிக்கொரு வேண்டாத குறி ஒட்டிக்கொண்டிருக்கும். டிஆர் என்ற கட்டளையால் அதை உதறினாள். அன்றைக்கு எங்கள் மூவரில் பெரியப்பா மட்டும் கேட்காமலே புரிந்துகொண்ட பாடம் அது.

டபிள்யூசி போட்டு எண்ணினால் 412 வரி. சார்ட் என்றால் வரிசைப்படுத்தும். படுத்தியது. பார்த்தால் அமிர்தம் முன்னால், அம்மாக்கண்ணு பின்னால். அவ்வைக்கு முன்னால் அழகு. எந்தத் தமிழ் அகராதியில் இந்த வரிசை? பேத்தி மொழி அமைப்பை 'சி' என்று வைத்திருந்தாள். அப்படி வைத்தால் எழுத்தின் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தும், மொழியைப் பார்க்காது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தது 1988-ல் இந்தியா வகுத்த இஸ்கி ஒழுங்கின்படி. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே பாய். தேவநாகரிக்கு முடைந்தது. அதில் நவுக்குப் பக்கத்தில் ன, ரவுக்குப் பக்கத்தில் ற, லவுக்குப் பிறகு ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. யரலவழள என்று பாடிப் பாடி நாம் மனப்பாடம் செய்ததைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மெய்யின் புள்ளிக்கோ விசிறியைவிடப் பெரிய எண். அதனால் அம்மாக்கண்ணு பின்னால். தமிழ் வரிசைக்கென்று தனி மொழி அமைப்பு லினக்ஸில் உண்டு. அதை அமைக்கும் வேலையை மாலைக்குத் தள்ளினோம்.

இதற்கிடையில் பெரியப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வா, கோயிலுக்குப் போய்ட்டு வருவோம். இந்தப் பேரெல்லாம் அங்க நின்ன எடத்துல சொல்லிப் பாக்கணும்."

ஜுவாசே பக்கம் காரில் கொஞ்ச நேரம். பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாய் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது, பொதுக் குழாய். பெரட்டுக் களம் எது என்று பெரியப்பா காலால் கோடு போட்டுக் காட்டினார். விடியக்காலை ஐந்தரைக்கு விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டவர் 'ஆங்' என்றால்தான் அன்றைக்கு ஆள் கணக்கு. உச்சரிப்புப் பிசகினால் சிலர் வேண்டுமென்றே வாய் திறக்காமல் நிற்பார்களாம். கோயில் இருக்கிறது. யாரோ புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். உபயப் பலகையில் பழைய பெயர்கள் நாலைந்துதான் மிச்சம். பெரியப்பா மற்றவற்றைத் தானாகவே சொன்னார், லயம் லயமாக. பேத்தி கைப்பேசியில் பதிவு செய்தாள். திரும்பும்போது அவர் காரில் ஒன்றும் பேசவில்லை. வீடு வந்ததும் கேட்டார். "அந்தப் புத்தகத்துல எங்க ஆத்தா பேரு இருக்கணும். தேடிக் குடுக்குமா அது?"

தேட குரெப். பழைய எடிட்டர் ஒன்றில் இருந்த கட்டளையின் சுருக்கம். கோப்பு முழுக்க, இந்த வடிவம் வருகிற வரியை எடு, அச்சிடு என்று பொருள். பேத்தி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். ஒற்றை விரலால், தட்டச்சுக்காரர் என்று சொன்னால் நம்ப முடியாத வேகத்தில், அவர் தன் தாயார் பெயரைத் தட்டினார். பாட்டியின் பெயரில் இரண்டாவது எழுத்து ழ. அஞ்சல் விசைமுறையில் அதற்கு இசட். தேடித் தட்டிவிட்டு என்டரை அழுத்தினார்.

டாலர் குறி. அவ்வளவுதான்.

அவர் மறுபடி தட்டினார். மறுபடியும் டாலர் குறி. பேத்தி என்னைப் பார்த்தாள். கறையான் தின்ற பக்கத்தில் இருந்திருக்குமோ என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

வேறு வழியில் போகலாம் என்றாள் அவள். பாட்டி குடியிருந்தது மூன்றாம் லயம், ஆகவே லய எண் மூன்று உள்ள வரிகளை மட்டும் குரெப் எடுக்கட்டும். எடுத்ததை நின்ற கோடு ஒன்று போட்டு அடுத்த கட்டளைக்குக் கொடுக்கலாம். அது பெயர்ப் பத்தியை மட்டும் வெட்டும். இன்னொரு நின்ற கோடு. சார்ட் வரிசைப்படுத்தும். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். அந்தக் கோட்டுக்குப் பைப் என்று பெயர். பெல் ஆய்வகத்து டக் மெக்கில்ராய் 1964-லேயே, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஒன்றோடொன்று திருகிப் பொருத்துவதுபோல் நிரல்களைப் பொருத்த வேண்டும் என்று குறிப்பு எழுதினார். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். பெரியப்பாவுக்கு அந்தக் குழாய் வேண்டியிருக்கவில்லை. "வெட்டின கோட்டுல எறங்கி, தகரத்துக்கு வந்து, தகரத்துலேருந்து மங்குக்கு, மங்குலேருந்து வாளிக்கு" என்றார். அவர் தாயார் பால் மரம் வெட்டியவர்.

மூன்றாம் லயம் இருபத்தேழு பெயராக வந்து நின்றது. பெரியப்பா மேலிருந்து விரல் வைத்து இறங்கினார். பாதியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"பழைய கிராணிக்கு ழ வராது" என்றார்.

பாட்டியின் பெயர் இருந்தது. இரண்டாவது எழுத்து ள. உள்ளது உள்ளபடி இருக்கணும், பிழையைக்கூடத் திருத்தாதீங்க என்று 2001-ல் உத்தரவு போட்டவர் இவர்தான். அதை நினைவுபடுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை, பேத்திக்கு இருந்தது. அவர் சிரித்துவிட்டார். ளவைப் போட்டு மறுபடி குரெப். முழு வரியும் வந்தது. 1961. லயம் 3. கட்டியது 1 வெள்ளி. பாக்கி 2 வெள்ளி.

"பாக்கியா?" என்றார் பெரியம்மா அடுப்படியிலிருந்து.

பெரியப்பா எழுந்து அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஒற்றை வெள்ளி நோட்டு. நாளைக் காலையில் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வரும்படி என்னிடம் கொடுத்தார். வட்டி என்று நான் ஏதோ விளையாட்டாகத் தொடங்கியதை அவர் காதில் வாங்கவில்லை. பேத்தி அந்த வரிக்குப் போய், பாக்கியை அழித்துப் பூஜ்யம் போட்டுவிடவா என்று கேட்டாள்.

"தொடாதே. அது அப்படியே இருக்கட்டும். கடைசியில போய் ஒரு வரி சேரு. தேதி போட்டு, இன்னார் பாக்கி 2 வெள்ளி, மகன் கட்டியது."

அவள் தட்டினாள். எக்கோ, மேற்கோளுக்குள் அந்த வாசகம், பிறகு வலப்பக்கம் பார்க்கும் அம்பு. ஒன்று போட்டால் கோப்பைக் காலி செய்துவிட்டு எழுதும். ஒட்டி இரண்டு போட்டால் இருப்பதைத் தொடாமல் கடைசியில் சேர்க்கும். என்டரின் மேல் விரல் போனபோது பெரியப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கிக் குனிந்தார்.

"ரெண்டு அம்புதானே போட்டே?"